பச்சை மூடி போட்ட டப்பா

"மூடி என்ன கலர்? இன்னொரு தடவை சொல்லு."

"பச்சை."

"வெள்ளை மூடியத் தொடுவியா?"

"தொட்டா விரலை நறுக்கிடு. இங்க பாரு ஜெனில்டா, நான் பஸ் ஓட்டுறவன். பச்சைன்னா போ, சிவப்புன்னா நில்லு. அதை வச்சுத்தான் நாம சோறு திங்கறோம். எனக்குப் போய் கலர் சொல்லித் தர்றியே!"

"பஸ்ஸுல போற ஜனம் தப்புன்னா கத்தும். இவ கத்த மாட்டா. வாயத் திறந்தா ஊட்டிடுவே."

"வாயத் திறந்தாத்தானே? உன் கூழைப் பார்த்தாலே உன் மக உதட்டைத் தச்சுக்கறா."

எடில்சன் சிரித்துக்கொண்டே மனைவியிடமிருந்து டப்பாவை வாங்கிக்கொண்டான். ஜெனில்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், ஒற்றை அடுப்பை வைத்துக்கொண்டு அதிகாலையிலிருந்து அவள் வேலை செய்திருந்தாள். பரங்கிக்காய், சௌசௌ, சர்க்கரைவள்ளிக்கிழங்கு மூன்றையும் ஆவியில் வேகவைத்து, சல்லடையில் போட்டுக் கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்து, நார் ஒன்றுகூட இல்லாமல் இறக்கிய மசியல் அது. பார்க்க அந்திச் சூரியனைக் கரைத்து ஊற்றியதுபோல இருக்கும். உப்பு கிடையாது, சர்க்கரை கிடையாது. எடில்சன் அதை ஒரே ஒரு முறை ருசி பார்த்திருக்கிறான். இனி இந்த ஜென்மத்தில் தொடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டான்.

டப்பா என்றால் ஐஸ்கிரீம் டப்பாதான். சால்வதோர் நகரத்தில் ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்து உள்ளே ஐஸ்கிரீமைக் கண்டவர்கள் பாக்கியவான்கள். மற்றவர்களுக்கெல்லாம் அவித்த பயறோ, பழைய சோறோ, எலும்பு ரசமோதான் கிடைக்கும். அந்த வீட்டிலும் அப்படித்தான். அடுக்கி வைத்தால் ஆள் உயரத்துக்கு வரும், எல்லாம் ஒரே அளவு, ஒரே வெள்ளை. அதனால்தான் ஜெனில்டா குழந்தையின் டப்பாவுக்கு மட்டும் பச்சை மூடி என்று சட்டம் போட்டிருந்தாள். குழந்தைக்குத் தனிச் சல்லடை, தனிக் கரண்டி, தனிப் பலகை, தனி மூடி. வீட்டில் எல்லோரும் அதைக் கேலி பேசினார்கள், எல்லோரும் அதை மதிக்கவும் செய்தார்கள். கேலியில் முன்னால் நின்றவள் எடில்சனின் அக்கா ஜுசேலியா.

"இந்தப் பாஹியா மண்ணுல பிறந்துட்டு இறால் ஆகாதுங்கிறாளே, இவ நிஜ பாஹியாக்காரியா, இல்ல பராகுவேலேருந்து வந்த டூப்ளிகேட்டா?" என்று கல்யாணமான புதிதில் தெருவே கேட்கச் சொன்னவள். அதற்கப்புறம் ஒருநாள் தவறுதலாக இறால் கிளறிய அகப்பையால் ஜெனில்டாவுக்குக் கஞ்சி ஊற்றி, அவள் கண்கள் வீங்கி மூடிக்கொண்டதைப் பார்த்தபின் குரல் கொஞ்சம் தணிந்தது. கேலி நிற்கவில்லை. ஆனால் அகப்பைகளைத் தனித்தனியாகத் தொங்கவிட ஆரம்பித்தாள்.

அன்று இரட்டைப் புனிதர்கள் கோஸ்மே, தமியாவ் இருவரின் நாள். தெருவில் வீட்டுக்கு வீடு வெண்டைக்காய் மலையாகக் குவிந்து கிடந்தது. ஜுசேலியா இந்த வருடம் விருந்து போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். வேண்டுதலும் ஜெனில்டாவின் குழந்தைக்காகத்தான். மையாரா குறைமாதத்தில் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழுக்காத மாங்காய் அளவுக்குக் கிடந்தபோது, ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஜுசேலியா கைகூப்பிச் சொன்னாள்: "இந்தப் பொடிசு வீட்டுக்கு வரட்டும். ஏழு பிள்ளைங்களை உட்கார வச்சு வயிறு முட்ட ஊட்டறேன்." பொடிசு வந்துவிட்டது. கன்னம் வைத்து, தொடை மடிந்து, இப்போது உட்காரவும் பழகிவிட்டது. புனிதர்களிடம் கடன் வைக்கக் கூடாது.

எனவே கீழே சமையலறையில் விடியலிலிருந்து காய்ந்த இறால் அரைபட்டுக்கொண்டிருந்தது. அந்தத் தூள் காற்றில் மிதந்தாலே போதும், ஜெனில்டாவின் தொண்டை அரிக்க ஆரம்பித்துவிடும். ஆகவே அவளுக்கு மொட்டை மாடி. குழந்தைக்கு எதிர்வீட்டுக் கிழவி டோனா ஆல்சிராவின் முன்னறை. மதியப் பூசைக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டியவள் பிள்ளையைப் பெற்றவள்தான் என்று ஜுசேலியா சொல்லிவிட்டதால், குழந்தைக்கு ஊட்டும் வேலை எடில்சனிடம் வந்து சேர்ந்தது.

"ஃப்ரிட்ஜுல கீழ் தட்டு. பச்சை மூடி," என்றாள் ஜெனில்டா, படியிறங்கும் அவன் முதுகைப் பார்த்து.

"ஆமென்," என்றான் அவன்.

கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் தெந்தே எண்ணெயின் வாசனை அவளுடன் நடந்து வந்தது. செம்பனையின் அந்த எண்ணெய் காய்ந்தால் ஊரே காய்ந்த மாதிரி. சுவர், சட்டை, கூந்தல், பூனையின் முதுகு எதையும் அது விடாது. ஜெனில்டா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நடந்தாள். அவளுக்கு அந்த வாசனை பிடிக்காது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். உண்மை அது இல்லை. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தை ஜன்னல் வழியாகப் பார்க்கிறவளைப்போல, அழைப்பு இல்லாத ஏக்கத்தோடு அவள் அதை முகர்ந்து வந்தாள்.

அவளும் ஒரு காலத்தில் அந்த ஏழு பிள்ளைகளில் ஒருத்தியாக உட்கார்ந்தவள்தான். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வயது. பெரிய வட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, கரண்டியில்லாமல் கையால் அள்ளி, முதல் கவளத்தை விழுங்கியது வரை நினைவிருக்கிறது. அதற்குப் பின் உதடு தடித்தது, காது சுட்டது, தொண்டைக்குள் யாரோ கதவை இழுத்துச் சாத்தியதுபோல ஆனது. அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் ஓடினார். அவர் செருப்பு ஒன்று கழன்று உருண்டதை அவள் தலைகீழாகப் பார்த்தாள்.

தன் ரத்தத்தில் இருப்பது மகளுக்கும் வந்திருக்குமோ என்பதுதான் அவளுடைய பயம். சுகாதார நிலையத்து டாக்டரம்மா சொல்லியிருந்தாள்: "வரலாம், வராமலும் போகலாம். ஒதுக்கி ஒதுக்கி வைக்கிறதால ஒண்ணும் ஆகப்போறதில்ல. ஒருநாள் காலையில இங்க கொண்டு வாங்க. என் கண்ணு முன்னாடி ஒரு துளி கொடுத்துப் பார்ப்போம்." ஜெனில்டா தலையாட்டிவிட்டு வந்தாள். ஒரு வாரம் மழை என்றாள், அடுத்த வாரம் பிள்ளைக்குச் சளி என்றாள். தெரியாதவரை அது இல்லை. தெரிந்துவிட்டால் பிறகு எப்போதும் இருக்கும். இந்தக் கணக்கில்தான் அவள் பரங்கிக்காயையும் சௌசௌவையும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மெழுகுவர்த்தி ஏற்றினாள். இரண்டு புனிதர்களும் ஒரே ஜாடையில் அவளைப் பார்த்தார்கள். "நீங்க காப்பாத்திக் கொடுத்தீங்க. நான் இறால் பக்கம் போகாம பார்த்துக்கறேன்," என்று அவர்களுக்கு வாக்கும் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

திரும்பி வந்தபோது எடில்சன் டோனா ஆல்சிராவின் வாசற்படியில், போரில் ஜெயித்தவன்போல உட்கார்ந்திருந்தான். உள்ளே குழந்தை கையிரண்டையும் தலைக்கு மேல் வீசித் தூங்கிக்கொண்டிருந்தது.

"சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டாளாவா? கிண்ணத்தை நக்கிட்டா! ரெண்டாவது தடவை போட்டேன். கரண்டியப் பிடுங்கிக்கிட்டா. நான் கொஞ்சம் மெதுவா ஊட்டினா திட்டறா, ஜெனில்டா. 'ஆங், ஆங்'னு மேஜையத் தட்டறா."

"பொய் சொல்லாதே."

"டோனா ஆல்சிரா, சொல்லுங்க!"

டோனா ஆல்சிரா பல்லில்லாத வாயால் சிரித்தாள். "கப்பல் சிப்பாய் மாதிரி சாப்பிட்டா, என் ராணி."

ஜெனில்டாவின் நெஞ்சு குளிர்ந்தது. மூன்று கரண்டிக்குமேல் எதையும் ஏற்காமல், நாக்கால் தள்ளித் தள்ளி மார்புத்துணியை நனைக்கிற பிள்ளை. சர்க்கரைவள்ளிக்கிழங்கைச் சேர்த்ததுதான் காரணம் என்று நினைத்தாள். இனி எப்போதும் சேர்க்க வேண்டும். கொஞ்சம் பெருமையும் வந்தது. வரட்டுமே, யாருக்கும் தெரியப்போவதில்லை.

எதிரே ஜுசேலியாவின் முற்றத்தில் பாய் விரித்து ஏழு பிள்ளைகளையும் உட்கார வைத்துவிட்டார்கள். நடுவில் மண் வட்டில். சோறு, வெண்டைக்காய்க் கூட்டு, கோழி, காராமணி, பொரி, கரும்புத் துண்டு, எல்லாவற்றுக்கும் நடுவே மஞ்சளும் சிவப்புமாக வத்தாபா. ஊறவைத்த ரொட்டியையும் தேங்காய்ப்பாலையும் முந்திரியையும் வேர்க்கடலையையும் காய்ந்த இறாலோடு அரைத்துத் தெந்தே எண்ணெயில் கிண்டிய களி. பெரியவர்களுக்கு மிளகாய் போட்டது பெரிய பானையில் இருந்தது. பிள்ளைகளுக்கென்று காரமில்லாமல், புது மிக்ஸியில் வெண்ணெய்போல அரைத்து, ஜுசேலியா காலையிலேயே தனியாக எடுத்து வைத்திருந்தாள். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் மற்றவர்கள் கை வைக்கலாம். பெரியவர்கள் சுற்றி நின்று கைதட்டிப் பாட ஆரம்பித்தார்கள். ஜெனில்டா சந்தின் அந்தப் பக்கம் போகாமல் எதிர்வீட்டுப் படியிலிருந்தே தட்டினாள்.

ஜுசேலியாவின் சின்ன மகள் தைனாதான் முதல் கவளம் எடுத்தாள். வாயில் போட்டாள். மென்றாள். முகம் சுருங்கியது.

"அம்மா, இது வத்தாபா இல்ல."

"புனிதர் சாப்பாட்டைக் குறை சொல்லாதே. தின்னு."

"இது பாப்பா சாப்பாடு."

"தைனா!"

"உப்பே இல்லம்மா! பரங்கிக்காய்!"

இன்னொரு பிள்ளை பாயிலேயே துப்பியது. பாட்டு தடுமாறியது. யாரோ, "என்ன ஜுசேலியா, புனிதருங்களுக்கு ரத்தக் கொதிப்பா? டாக்டர் உப்பு வேணாம்னுட்டாரா?" என்றார்கள். சிரிப்பு வெடித்தது. ஜுசேலியா குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். அவள் முகத்தில் முதலில் வெட்கம் வந்தது, பிறகு குழப்பம் வந்தது.

மூன்றாவதாக வரவேண்டிய பயம் அவளுக்கு வருமுன் சந்துக்கு அந்தப் பக்கம் ஜெனில்டாவுக்கு வந்துவிட்டது. தட்டிய கைகள் காற்றில் அப்படியே நின்றன. அங்கே பரங்கிக்காய் இருக்கிறது என்றால், இங்கே பிள்ளை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டது என்ன?

"எடில்சன். எந்த மூடி?"

"பச்சை. பச்சைதான். சத்தியமா பச்சை."

அவள் உள்ளே ஓடினாள்.

குழந்தை தூங்கிக்கொண்டுதான் இருந்தது. ஜெனில்டா வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்து, வெளிச்சத்துக்குத் தூக்கி வந்தாள். உதட்டைப் பார்த்தாள். காதைத் திருப்பிப் பார்த்தாள். சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தாள். தூக்கம் கலைந்த எரிச்சலில் மையாரா வாய்விட்டு அலறியது. அலறல் வந்தது, தொண்டை திறந்திருக்கிறது என்று மனதின் ஒரு மூலை சொன்னது. மற்ற மூலைகள் எதுவும் அதைக் கேட்கிற நிலையில் இல்லை. மார்புத்துணியில் ஆரஞ்சு நிறக் கறை. பரங்கிக்காயின் கறை காய்ந்தால் வெளுக்கும். இது ஓரத்தில் எண்ணெய் வளையம் கட்டிப் பளபளத்தது.

ஜுசேலியா கையில் அகப்பையோடு வந்து வாசலில் நின்றாள். விழாவுக்கென்று கட்டிய வெள்ளைப் பாவாடை, தலையில் வெள்ளைத் துணி.

"வெள்ளை மூடி விரிசல் விட்டிருந்துச்சு," என்றாள். "வத்தாபா வழிஞ்சிடும்னு, சும்மா கிடக்குதேன்னு பச்சைய எடுத்துப் போட்டேன். விரிஞ்சதை உன்னதுக்குப் போட்டேன். மூடின்னா மூடிதானேன்னு... அப்புறம் மாத்தினதையே மறந்து, பரிமாறும்போது வெள்ளை மூடியத்தான் எடுத்திருக்கேன். ஜெனில்டா, எனக்கு அந்த நேரம் புத்தி எங்க போச்சுன்னு தெரியல."

"எவ்வளவு நேரமாச்சு?" என்று யாரோ கேட்டார்கள்.

"நீ கோயிலுக்குக் கிளம்பினதும் கொடுத்தேன்," என்றான் எடில்சன். அவன் முகம் சாம்பலாகியிருந்தது. "எனக்கு வாசனை தெரியல. காலையிலேருந்து ஊரே இந்த வாசனைதான். எது கிண்ணத்துல வருது, எது தெருவுல வருதுன்னு யாருக்குத் தெரியும்?"

"போதும், பேசாதே. வண்டி!"

பழம் ஏற்றுகிற ஒருவரின் வண்டி சந்து முனையில் நின்றது. அதில்தான் ஏறினார்கள். பின்னால் வாழைத் தார்களுக்கு நடுவே ஜுசேலியா, அகப்பையைக் கீழே போட மறந்தவளாக. முன்னால் ஜெனில்டாவின் மடியில் குழந்தை. அழுகை நின்று, ஓடும் ஜன்னலை ஆச்சரியத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது.

"வேகமாப் போங்கண்ணே."

"பறக்கவா சொல்றே, என் ராணி? முன்னாடி ஊர்வலம்."

முன்னால் உண்மையிலேயே ஊர்வலம். மிட்டாய்ப் பை கேட்டு வீடு வீடாக ஓடும் பிள்ளைகள். எடில்சன் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கத்தினான். பஸ் ஓட்டும்போது அவன் ஒருநாளும் கத்தாதவன்.

அந்த நேரத்தில்தான் ஜெனில்டாவின் இடது மணிக்கட்டு அரிக்க ஆரம்பித்தது. முதலில் அவள் கவனிக்கவில்லை. சொறிந்தாள். மறுபடி சொறிந்தாள். குனிந்து பார்த்தாள். மார்புத்துணி பட்ட இடமெல்லாம் எறும்பு கடித்ததுபோலத் தடிப்புகள், சிவந்து, ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு முழங்கை வரை ஏறிக்கொண்டிருந்தன. அவளுக்குப் பழகிய தடிப்புகள். அவளுடைய உடம்பு பொய் சொல்லாது. துணியில் இருப்பது இறால்தான்.

அவள் குழந்தையைப் பார்த்தாள். அதே துணி மோவாயின்கீழ் கசங்கிக் கிடந்தது. மோவாயில் காய்ந்த ஒரு தீற்றல். கன்னத்தில் ஒன்று. காதுமடலில்கூட ஒன்று, எப்படிப் போனதோ. அத்தனைக்கும் அடியில் அந்தத் தோல் மழைக்குப் பிறகு வாழையிலை இருப்பதுபோல இருந்தது. ஒரு புள்ளி இல்லை.

மணிக்கட்டைப் பார்த்தாள். மோவாயைப் பார்த்தாள். மறுபடியும் மணிக்கட்டை.

"எடில்சன்," என்றாள். "தலைய உள்ள இழு. இதைப் பாரு."

அவன் பார்த்தான். அவனுக்குப் புரியவில்லை. "ஐயோ, உனக்கும் வந்துடுச்சா?"

"எனக்கு மட்டும்தான் வந்திருக்கு," என்றாள் ஜெனில்டா. சொன்ன பிறகுதான் அந்த வார்த்தைகளின் பொருள் அவளுக்கே எட்டியது. மகள் பிறந்ததிலிருந்து நெஞ்சுக்குள் இறுக்கி வைத்திருந்த ஒரு முடிச்சு நழுவியதுபோல, மூச்சு கட்டுப்பாடில்லாமல் வெளியே வந்தது.

மருத்துவமனையில் அவசரப் பிரிவுச் செவிலி குழந்தையையும் பார்த்தாள், அம்மாவையும் பார்த்தாள். குழந்தை அவளுடைய பேனாவைக் கேட்டுக் கைநீட்டியது. அம்மாவின் கண் இமை தடித்துக்கொண்டிருந்தது.

"இதுல யாரு நோயாளி?"

"பாப்பா," என்றார்கள் மூவரும் ஒரே குரலில்.

செவிலி பெருமூச்சு விட்டு, அடையாளப் பட்டையை ஜெனில்டாவின் கையில் கட்டினாள்.

டாக்டர் இளைஞர். விருந்துநாளில் வேலைக்கு மாட்டிக்கொண்டவர் என்பது முகத்திலேயே தெரிந்தது. குழந்தையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார், வயிற்றைத் தட்டினார். மையாரா குழாயைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது.

"எவ்வளவு சாப்பிட்டிருப்பா?"

"ரெண்டு கிண்ணம்," என்றான் எடில்சன், தலையைக் குனிந்துகொண்டு. "நிறைய."

"முந்திரி, கடலை எல்லாம் போட்டதா?"

"எல்லாம் போட்டது, டாக்டர்," என்றாள் ஜுசேலியா. "என் வத்தாபாவுல குறை வைக்க மாட்டேன்."

"சாப்பிட்டு நேரம் ஆகிடுச்சு. வர்றதா இருந்தா அநேகமா இதுக்குள்ள வந்திருக்கும். மூச்சு நல்லாருக்கு, தோல் நல்லாருக்கு. ஆனாலும் கொஞ்ச நேரம் இங்கயே உட்காருங்க, பார்த்துட்டு அனுப்பறேன். அப்புறம் உங்க டாக்டரம்மாகிட்டயும் ஒரு தடவை காட்டிடுங்க." அவர் குழாயை மெல்ல விடுவித்துக்கொண்டார். "இந்த வருஷம் நான் தின்னதைவிட அதிகமா இவ தின்னிருக்கா. அம்மா மாத்திரை போட்டுக்கட்டும். அதுவரைக்கும் பிள்ளையத் தொட வேணாம்."

"தொட வேணாமா?"

"முதல்ல யாராவது பிள்ளையக் கழுவுங்க. இல்லேன்னா எனக்கு உங்க ரெண்டு பேரையும் படுக்க வைக்க இடமில்ல."

ஜுசேலியா குழந்தையை வாங்கிக்கொண்டு போய்த் தொட்டியடியில் நின்று, தன் வெள்ளைப் பாவாடையின் ஓரத்தை நனைத்து நனைத்து, மோவாயையும் கழுத்து மடிப்புகளையும் விரலிடுக்குகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பாவாடை ஆரஞ்சாகிக்கொண்டு வந்தது. அந்தக் கறை இனிப் போகாது என்று அவளுக்குத் தெரியும். ஜெனில்டா நாற்காலியில் மாத்திரையை விழுங்கிவிட்டு, வீங்கிய இமைக்குக் கீழே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் வாழ்வில் இன்னும் எழுதப்படாத பக்கங்களெல்லாம் படபடவென்று திறந்துகொள்வதுபோல அவளுக்கு இருந்தது. மையாரா எந்த வீட்டு விருந்திலும் உட்காரலாம். பள்ளிக்கூடத்தில் யார் டப்பாவிலிருந்தும் எடுத்துத் தின்னலாம். கடற்கரையில் வெள்ளிக்கிழமை மாலைகளில் மற்ற பெண்களோடு நின்று, சூடு பொறுக்காமல் வாயை ஊதிக்கொண்டே இறால் வடை சாப்பிடலாம். யாரும் அவளை பராகுவே சரக்கு என்று சொல்ல மாட்டார்கள்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். எடில்சன் பயந்துபோனான்.

"என்ன? தலை சுத்துதா?"

"ரெண்டு கிண்ணம்," என்றாள் அவள். "என் கூழை மூணு கரண்டி தின்ன மாட்டா. அது ரெண்டு கிண்ணம்! மேஜையத் தட்டினாளாமே!"

அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டான். பழவண்டிக்காரர் வெளியிலிருந்து எட்டிப் பார்த்து, "நல்ல சேதிதானா? சொல்லித் தொலைங்கப்பா, வாழைப்பழம் கனியுது," என்றார்.

அவர்கள் திரும்பியபோது வெயில் வளைகுடாப் பக்கம் சாய்ந்திருந்தது. விருந்து நின்றுவிடவில்லை. பெரிய பானையிலிருந்து தண்ணீர்விட்டுத் தளர்த்திக் காரம் குறைத்த வத்தாபாவை வைத்து ஏழு பிள்ளைகளுக்கும் மறுபடி பரிமாறிவிட்டிருந்தார்கள். வேண்டுதல் கெடவில்லை. பிள்ளைகள் ஒதுக்கிய வட்டிலை ஓரமாக வைத்து டோனா ஆல்சிரா சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள்.

"ஏழு பிள்ளைங்க வேண்டாம்னதை நான் ஒருத்தி முடிச்சேன்," என்றாள். "பல்லும் வேணாம், உப்பும் வேணாம். இதுல அந்த இனிப்பு எதுலேருந்து வருது, ஜெனில்டா?"

"சர்க்கரைவள்ளி, டோனா ஆல்சிரா."

"நாளைக்கும் பண்ணுவியா?"

"உங்களுக்குன்னா பண்றேன். என் மக இனிமே அதைத் தொடுவாளான்னு தெரியல."

சந்து முழுவதும் சிரித்தது. கதை அதற்குள் தெருமுனை வரை போய்த் திரும்பியிருந்தது. போகும்போது இரண்டு கிண்ணமாக இருந்தது, வரும்போது அரைப் பானையாகியிருந்தது. பஸ்காரனின் பச்சை விளக்கைப் பற்றி ஆளுக்கொரு ஜோக் சொன்னார்கள். எடில்சன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு சிரித்தான். இன்று அவனை எது சொன்னாலும் சிரிப்பான்.

கூட்டம் பொரியையும் கரும்பையும் நோக்கி நகர்ந்த பிறகு, ஜெனில்டா குழந்தையோடு எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்தாள். குழந்தைக்குச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி வேறு சட்டை மாட்டியிருந்தார்கள். ஜுசேலியா ஒரு தட்டோடு வந்து, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, மறுபக்கம் கீழ்ப்படியில் தள்ளி உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு இடுப்பிலிருந்து எதையோ எடுத்து நீட்டினாள். பச்சை மூடி. மூன்று தடவை தேய்த்துக் கழுவியிருப்பாள், பளபளத்தது.

"இந்தா. இனிமே உன் சாமானை யாராவது தொட்டா அந்தக் கையை நானே..."

"நீயே வச்சுக்க அண்ணி."

"கோவமா?"

"இல்ல. இனிமே அவளுக்குத் தனி மூடி வேணாம்."

ஜுசேலியா மூடியை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நிஜ பாஹியாக்காரிதான்டி இவ," என்று குழந்தையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தட்டிலிருந்து விரலால் வழித்து முதல் வாயைச் சாப்பிட்டாள். கண்களை மூடிக்கொண்டாள்.

மையாரா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மேஜை இல்லாததால் அம்மாவின் தொடையைத் தட்டியது. "ஆங்," என்றது. "ஆங்."

ஜெனில்டா அந்தச் சின்ன முகத்தை உற்றுப் பார்த்தாள். தனக்குத் தெரியாத ஓர் ஊருக்குப் போய்விட்டு வந்தவளைப் பார்ப்பதுபோல இருந்தது.

"அண்ணி," என்றாள். "நான் ஒரே ஒரு வாய்தான் தின்னிருக்கேன். தொண்டை அடைச்சது ஞாபகம் இருக்கு, அப்பா செருப்பு விழுந்தது ஞாபகம் இருக்கு. ருசி மட்டும் ஞாபகம் இல்ல. இன்னிக்கு இவளுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல. கேலி பண்ணாம, நிதானமா, எனக்குச் சொல்லேன். வாயில வச்சதும் அது எப்படி இருக்கும்?"